வெல்டா க்ரெப்ஸ் உயிரோடிருப்பதற்கான சான்று

டோல்னா க்ருஷா ஊரில் வெல்டா க்ரெப்ஸ் செத்துப்போனபோது அவளுக்கு அறுபத்தேழு வயது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மழை வருவதற்கு முன்னால் இடது முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகும். செத்த அன்று காலையில் இரண்டு முட்டை பொரித்துத் தின்றாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். இன்றைக்கு நிச்சயம் யாராவது வருவார்கள் என்று வாசலைக் கூட்டி, வீட்டில் இருந்த நான்கு நாற்காலிகளையும் துடைத்துப் போட்டாள்.

அவள் அமெரிக்காக்காரி. ஒஹாயோவில் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினவள். புருஷன் பாதியில் போய்விட்டான், சாகவில்லை, வேறொருத்தியோடு ஃப்ளோரிடாவுக்குப் போனான். ஓய்வூதியம் வரத் தொடங்கியபோது அதில் முக்கால்வாசியை வீட்டு வாடகை தின்றது. மிச்சத்தை மருந்துக்கடை தின்றது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கைப்பேசியில் ஒரு பெண் தக்காளி நறுக்கிக்கொண்டே, "பல்கேரியாவுக்கு வாங்க, ராணி மாதிரி வாழலாம்" என்றாள். வெல்டாவுக்கு ராணியாகும் ஆசை இல்லை. அந்தத் தக்காளியின் மேல்தான் ஆசை வந்தது.

படத்தைப் பார்த்தே வீட்டை வாங்கினாள். மூன்று அறை, ஒரு கிணறு, ஒரு பிளம் மரம், ஓடுகளில் பாதி. மீதிப் பாதி ஓடு படத்தில் இருந்தது.

வந்த பிறகு ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. இந்த நாட்டில் தங்க அட்டை வேண்டும். அதற்கு மனுக் கொடுத்து, பத்து விரலையும் பதித்துக் கொடுத்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. கையிலிருந்த விசா மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் அட்டை வராவிட்டால் ஒஹாயோவுக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவளுக்கு இருந்த ஒரே இடம் தங்கை வீட்டு நிலவறை. அந்த நிலவறையில் தங்கை மகன் பாம்பு வளர்த்து விற்கிறான். "பெரியம்மா, உங்க கட்டிலுக்குப் பக்கத்துல விஷமில்லாததை மட்டும்தான் வைப்பேன்" என்று அவன் அன்பாகச் சொல்லியிருந்தான்.

ஊரில் நூற்றுப் பதினெட்டுப் பேர். யாரும் அவளோடு பேசவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அமெரிக்காக்காரியிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. வெல்டா பிஸ்கட் சுட்டுப் பதினோரு வீட்டுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் பதினோரு தட்டும் திரும்பி வந்தன, ஒன்றில் முட்டை, ஒன்றில் வெங்காயம், ஒன்றில் ஊறுகாய் மிளகாய். வெறுந்தட்டை யாரும் திருப்பவில்லை. தட்டுகள் எல்லாம் பேசின, மனிதர்கள்தான் பேசவில்லை.

அடுத்த வீட்டு மிங்கா அதிலும் கொஞ்சம் மோசம். எழுபது வயது, கட்டையான உருவம், தலையில் எப்போதும் நீலத்துணி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெல்டா செய்வதையெல்லாம் பார்ப்பாள். வெல்டா சிரித்தால் முகத்தைக் கத்தரிக்காய்ப் பாத்திப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

வாசற்கதவுகளில் ஒட்டியிருந்த தாள்களை வெல்டா வந்த அன்றே கவனித்திருந்தாள். கதவுக்குக் கதவு ஒரு தாள். அதில் ஒரு முகம், ஒரு பெயர், இரண்டு வருஷம், கீழே நாலு வரி. பேருந்து நிறுத்தத்தில் ஏழெட்டு, ரொட்டிக்கடைச் சுவரில் நாலைந்து, மின்கம்பத்தில் ஒன்றிரண்டு. எழுத்து அவளுக்குப் படிக்க வராது. ஆனால் படத்தில் எல்லாரும் நன்றாகத் தலை வாரி, நல்ல சட்டை போட்டிருந்தார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வெளியே ஒட்டி வைக்கிறார்கள், எவ்வளவு மரியாதையான பழக்கம் என்று அவள் நினைத்தாள். இரண்டு வருஷம் எதற்கு? ஓட்டுநர் உரிமத்திலும் இரண்டு தேதி உண்டு. ஒன்று பிறந்தது, இன்னொன்று கொடுத்தது. முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டினவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மிங்கா வீட்டுக் கதவில் அடர்ந்த மீசையோடு ஓர் ஆள் இருந்தார். 1949, 2021. வெல்டா தினமும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவாள். ஆள் வெளியே வராத சுபாவம் போலிருக்கிறது என்று எண்ணியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே மீசை ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவைத் திறந்து வெளியே வந்தது. வெல்டா சந்தோஷப்பட்டுப்போய், தாளைக் காட்டி, அவரைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினாள். வந்தவர் செத்தவரின் தம்பி. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய், மத்தியானத்திலேயே இரண்டு குவளை ராக்கியா சாராயம் குடித்தார் என்று பிறகு சொன்னார்கள்.

அதோடு வெல்டாவுக்கு உறுதியாகிவிட்டது. ஊரில் எல்லாரும் தாள் ஒட்டியிருக்க, தான் மட்டும் ஒட்டாமல் இருந்தால் யார் வந்து பேசுவார்கள்? தப்பு நம்முடையதுதான்.

இரண்டு நாள் உட்கார்ந்து செய்தாள். ஓய்வுபெற்ற விழாவில் எடுத்த படத்தை வைத்தாள். 1955 என்று போட்டு ஒரு கோடு, பிறகு வந்து சேர்ந்த வருஷம் 2022. கீழே என்ன எழுதுவது என்று தெரியாததால், மிங்கா வீட்டுக்கு எதிர்வீட்டுக் கதவிலிருந்த புதுத்தாளைப் பார்த்து எழுத்து எழுத்தாக வரைந்துகொண்டாள். எல்லாத் தாளிலும் ஏறக்குறைய அதே வரிகள்தான் இருந்தன, அதனால் வழக்கமான வரவேற்பு வாசகமாக இருக்கும் என்பது அவள் கணக்கு. சுற்றிலும் எல்லாரையும் போலக் கறுப்புக் கட்டம்.

நகரத்தில் நகல் எடுக்கும் கடைப் பெண் தாளைப் பார்த்தாள். வெல்டாவைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். இரட்டைப் பிறவி என்று முடிவு செய்துகொண்டு, வெல்டாவின் கையைப் பிடித்து மெல்ல அழுத்தினாள். முகம் தெரியாதவர்கள்கூட இங்கே எவ்வளவு பாசமாக இருக்கிறார்கள் என்று வெல்டா நெகிழ்ந்து போனாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பதினாறு தாளை ஒட்டினாள். வீட்டுக்கு வந்து முட்டை பொரித்தாள்.

ரொட்டிக்கடை வாசலில் எட்டு மணிக்குக் கூட்டம் கூடிவிட்டது.

"எங்கள் அன்புக்குரியவள் எங்களைப் பிரிந்து நாற்பது நாள் ஆகிறதுன்னு போட்டிருக்கே" என்றார் ஒருவர்.

"நாப்பது நாளா! நேத்து எங்கிட்டத் தயிர் வாங்கினாளே" என்றாள் கடைக்காரி.

"நாப்பது நாள் வரைக்கும் ஆவி சுத்தும், தெரியாதா உனக்கு?"

"ஆவி தயிர் திங்குமா?"

"அமெரிக்கா ஆவி. அது என்ன திங்கும்னு நமக்கென்ன தெரியும்?"

"காசு குடுத்துச்சா?"

"சில்லறை சரியா குடுத்துச்சு."

"அப்ப நல்ல ஆவிதான், பாவம்."

ஆவியைப் பற்றிப் பேசப் பேச ஊருக்கு ஒரு வெட்கம் வந்தது. நம் நடுவில் ஒருத்தி செத்து நாற்பது நாள், யாருக்கும் தெரியவில்லை. பிஸ்கட் கொடுத்தவள்! யாரோ சொந்தக்காரர்கள் கடல் தாண்டி வந்து தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. பெண்கள் ஓடிப்போய்ச் செத்தவர்களுக்குப் படைக்கும் கோதுமையை அவித்தார்கள்.

ஊர்த் தலைவர் போனெவ் அன்றைக்குக் காலையில்தான் அலுவலகம் திறந்திருந்தார். வாரத்தில் இரண்டு நாள்தான் திறப்பார். திறந்த உடனே தொலைபேசி அடித்தது. நகரத்துக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து டெனேவா என்ற அதிகாரி. க்ரெப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி உங்கள் ஊரில் குறிப்பிட்ட முகவரியில் வசிக்கிறாரா என்று கேட்டாள். போனெவ் ஜன்னல் வழியாக மின்கம்பத்தைப் பார்த்தார்.

"வசிச்சாங்க, மேடம். நாப்பது நாளைக்கு முன்னால தவறிட்டாங்க" என்று துக்கக் குரலில் சொன்னார். டெனேவா அதை எழுதி, எண் போட்டு, கோப்பை மூடினாள்.

பத்து மணிக்கு வெல்டாவின் வாசலுக்கு முப்பது பேர் வந்தார்கள். சர்க்கரை தூவிய கோதுமை, ரொட்டி, வைன். ஆளுக்கு இரண்டு பூ, நான்கு பூ, யார் கையிலும் ஒற்றைப்படை இல்லை, அங்கே இரட்டைப்படைப் பூ செத்தவர்களுக்குத்தான். வெல்டா கதவைத் திறந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கையை விரித்துக்கொண்டு வெளியே வந்ததும், முப்பது பேரும் மூன்றடி பின்னால் போனார்கள். ஒரு கிழவர் கல்லறையில் ஊற்றுவதுபோல் அவள் காலடியில் கொஞ்சம் வைன் ஊற்றினார். அதுதான் முறை போலிருக்கிறது என்று வெல்டா அவர் கையிலிருந்து குப்பியை வாங்கி அவர் காலடியிலும் கொஞ்சம் ஊற்றினாள். கிழவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் மிங்கா முன்னால் வந்தாள். சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டாள். வாயைத் திறந்து, சுத்தமான ஆங்கிலத்தில் பேசினாள்.

"இங்க பாரும்மா. உன் நேரம் முடிஞ்சுது. இனிமே சுத்தக் கூடாது. உன் வழியைப் பாத்துக்கிட்டு நல்லபடியா போயிடு."

வெல்டாவின் வாய் பிளந்தது. "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"சைப்ரஸ்ல ஓட்டல் ரூம் கழுவினேன், பதினோரு வருஷம். ஊருக்குத் திரும்பின அன்னிக்கு இனிமே செத்தாலும் அந்த பாஷை பேசறதில்லைன்னு சத்தியம் பண்ணேன். நீ செத்ததால பேசறேன். ஆவிகிட்ட அது பாஷையிலதானே சொல்லணும்."

"யாரு செத்தா?"

"நீதான்."

"நான் எப்ப செத்தேன்?"

"நாப்பது நாளாச்சாம். உன் கதவுலயே போட்டிருக்கு."

வெல்டா கதவைத் திரும்பிப் பார்த்தாள். தெரு நெடுக இருந்த கதவுகளைப் பார்த்தாள். மீசைக்காரர், பக்கத்து வீட்டுத் தொப்பிக்காரர், பேருந்து நிறுத்தத்து ஏழெட்டுப் பேர், ஆறு மாதமாகத் தான் வணக்கம் சொன்ன ஒவ்வொருவரும். வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

மிங்கா கிட்டே வந்து அவள் கன்னத்தில் ஒரு விரலால் குத்திப் பார்த்தாள். பிறகு ஊரைத் திரும்பிப் பார்த்து, "சூடாத்தான் இருக்கா" என்றாள்.

சிரிப்பு அடங்க அரைமணி நேரம் ஆயிற்று. கோதுமையை வீணாக்காமல் எல்லாரும் தின்றார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. போனெவ் தொப்பியைத் திருகிக்கொண்டு வேலியோரம் நின்றார்.

"தலைவரே, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் மிங்கா.

"நான் மேல சொல்லிட்டேனே" என்றார் போனெவ்.

மறுநாள் வெல்டா நகரத்துக்குப் போனாள். மிங்காவும் கூட வந்தாள். "சத்தியம்தான் உடைஞ்சு போச்சு. இனி பேசினா என்ன, பேசாட்டி என்ன" என்றாள். போகும் வழியெல்லாம் பதினோரு வருஷத்துப் பேச்சைப் பேசினாள்.

டெனேவா நாற்பது வயதுக்காரி, மூக்குக்கண்ணாடி, மேசையில் ஒரு துரும்பு இல்லை. ஆங்கிலம் அவளுக்கும் தெரியும். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"வருத்தமா இருக்கு. ஆனா மனுதாரர் இறந்ததால கோப்பு மூடியாச்சு."

"மேடம், நான் உங்க முன்னால உக்காந்திருக்கேன்."

"பாக்கிறேன். ஆனா நான் பாக்கிறது ஆவணம் இல்லையே."

வெல்டா பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தாள். டெனேவா அதைப் புரட்டினாள். "இது நீங்க யாருன்னு சொல்லுது. உயிரோட இருக்கீங்களான்னு சொல்லலை."

"இருபத்து மூணு நாளைக்கு முன்னால இங்கயே வந்து பத்து விரலும் வெச்சேனே. நாப்பது நாளைக்கு முன்னால செத்தவ எப்படி வெப்பா?"

டெனேவா கண்ணாடியைக் கழற்றினாள். அந்த ரேகைத் தாளில் இருந்தது அவளுடைய கையெழுத்துத்தான். "செத்தவங்ககிட்ட நான் ரேகை வாங்கினேன்னு சொல்றீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப அந்தப் பேச்சை விடுங்க."

மிங்கா மேசையைத் தட்டினாள். "இந்தாம்மா, அவ உசிரோட இருக்கான்னு நான் சொல்றேன். எழுதிக்கோ."

"அக்கம்பக்கத்தார் சொல்றது செல்லாது. ஊர்த் தலைவர் எழுதித் தரணும். இல்லைன்னா ஏதாவது அரசாங்க அதிகாரி, இந்த வாரத்துத் தேதியில, இந்தம்மாவை நேர்ல பாத்து, பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து எழுதின காகிதம் ஏதாவது கொண்டாங்க. எதுவா இருந்தாலும் சரி."

விசா முடிய ஒன்பது நாள் இருந்தது.

ஊருக்குத் திரும்பி மிங்காவை வைத்துக் கேட்டபோது போனெவ் எழுதித் தர மறுத்துவிட்டார். கையைப் பிசைந்தார். அலமாரியைத் திறந்து காட்டினார். பிறப்புக்கு ஒரு படிவம், இறப்புக்கு ஒரு படிவம், ஆட்டுக்கு ஒரு படிவம், மரம் வெட்ட ஒரு படிவம். சாகாமல் இருப்பதற்குப் படிவம் கிடையாது.

"நானே கையால எழுதிக் குடுத்தா, அப்ப ஏன் செத்தாங்கன்னு சொன்னேன்னு கேப்பாங்க. இருபது வருஷத்துல ஒரு தகவல்கூட நான் தப்பாக் குடுத்ததில்லை. அடுத்த வருஷம் தேர்தல் வேற. அம்மா, நீங்க செத்ததுக்கு என் மனப்பூர்வமான அனுதாபம். அதுக்கு மேல என்னால முடியாது."

வெல்டா அன்றைக்கு இரவு பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். காலையில் மிங்கா வந்து பெட்டியைப் பார்த்தாள். அதை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"வண்டி ஓட்டுவேதானே?"

"முப்பத்தோரு வருஷம் ஓட்டினேன்."

"போலீஸ் அபராதம் போட்டா என்ன செய்வான்? காகிதத்துல பேர் எழுதுவான். தேதி, நேரம் போடுவான். பாஸ்போர்ட்டைப் பாப்பான். அவன் அரசாங்க ஆளா இல்லையா?"

வெல்டாவுக்குப் புரிந்ததும் முகம் வெளுத்தது. அவள் வாழ்நாளில் ஒரு அபராதம் வாங்கினதில்லை. மஞ்சள் விளக்கு எரிந்தாலே நின்றுவிடுகிறவள். "வேற வழியே இல்லையா?" என்றாள்.

"இருக்கு. உன் தங்கச்சி மகன்கிட்ட எந்தப் பாம்புன்னு கேட்டுக்கோ."

செத்துப்போன மீசைக்காரப் புருஷனின் பழைய காரை மிங்கா கொட்டகையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பெட்ரோல் பங்க் பக்கத்து நாற்சந்தியில் ஒரு போலீஸ்காரர் தினமும் நிற்பார். பகலிலும் முன்விளக்குப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். விளக்கைப் போடாமல் அவர் முன்னால் போனால் போதும்.

முதல் தடவை நாற்சந்திக்கு நூறடி முன்னால் வெல்டாவின் கை தானாகவே போய் விளக்கைப் போட்டுவிட்டது. போலீஸ்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னடி பண்றே!" என்றாள் மிங்கா.

"நான் பண்ணலை. கை பண்ணிடுச்சு."

இரண்டாவது தடவை மிங்கா அந்தக் கையைத் தன் மடியில் பிடித்துவைத்துக்கொண்டாள். போலீஸ்காரர் பார்த்தார். விரலை மடக்கி விரித்து, விளக்கைப் போடுங்கள் என்று சைகை காட்டிப் போகச் சொன்னார். வெல்டா அவருக்கு நன்றி சொன்னாள்.

மூன்றாவது தடவை அவர் முன்னாலேயே போய் வண்டியை நிறுத்தினாள்.

"அம்மா, விளக்கு" என்றார் அவர். மிங்கா மொழிபெயர்த்தாள்.

"தெரியும் சார். வேணும்னுதான் போடலை. அபராதம் போடுங்க."

"பரவாயில்லம்மா, வயசானவங்க. போட்டுட்டுப் போங்க."

"தம்பி," என்றாள் மிங்கா, "உன்னை மரியாதையாக் கேக்கிறோம். எழுது."

அவர் வெல்டாவின் பாஸ்போர்ட்டை வாங்கினார். படத்தைப் பார்த்தார். பெயரைப் படித்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "எங்க அத்தை டோல்னா க்ருஷாலதான் இருக்கா. செத்துப்போன அமெரிக்காம்மா நீங்கதானா?"

"ஆமா சார்."

"செத்தவங்களுக்கு அபராதம் எழுதினேன்னு ஸ்டேஷன்ல தெரிஞ்சா பென்ஷன் வாங்கற வரைக்கும் சிரிப்பானுங்க. போயிடுங்கம்மா, புண்ணியமாப் போகும்."

பாஸ்போர்ட்டைத் திருப்பி நீட்டினார். வெல்டா வாங்கவில்லை. மிங்கா மொழிபெயர்ப்பதற்குக் காத்திராமல், தெரிந்த இருபது முப்பது பல்கேரிய வார்த்தைகளில் தானே பேசினாள்.

"சார். நான் தப்பு. மூணு தடவை தப்பு. எனக்கு இங்க வீடு. எனக்கு வேற வீடு இல்லை. எழுதுங்க."

போலீஸ்காரர் சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். புத்தகத்தைக் காரின் மூக்கில் வைத்து எழுதத் தொடங்கினார். பாஸ்போர்ட் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தார். "குற்றத்தை ஒப்புக்கிறீங்களா? இங்க கையெழுத்து."

வெல்டா கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும் அழுதாள். அவமானமா ஆறுதலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அழாதீங்கம்மா, சின்ன அபராதம்தான்" என்று போலீஸ்காரர் தன் தண்ணீர்க்குப்பியைக் கொடுத்தார்.

டெனேவா அந்தக் காகிதத்தை முழுக்கப் படித்தாள். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தேதி, நேரம், போலீஸ்காரரின் எண், எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

"மூணு தடவை விளக்கில்லாம போனீங்கன்னு போட்டிருக்கே?"

"ரெண்டு தடவைதான் மேடம். முதல் தடவை கை போட்டுடுச்சு."

"வெக்கமா இல்லையா?"

"ரொம்ப வெக்கமா இருக்கு."

"இருக்கணும்" என்றாள் டெனேவா. மூடியிருந்த கோப்பை இழுத்து, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். ஒரு வரியை அடித்தாள், பக்கத்தில் ஒரு வரி எழுதினாள். முத்திரை விழுந்த சத்தத்தில் வெல்டா நாற்காலியில் துள்ளிவிட்டாள்.

மிங்கா வெளியே படிக்கட்டில் பனித்சா என்ற அடுக்கு ரொட்டி ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே இருந்த பாலாடைக்கட்டி இன்னும் சூடாக இருந்தது.

"என்ன சொன்னா?"

"வெள்ளிக்கிழமை அட்டை குடுக்கறாங்களாம். ஒரு வருஷத்துக்கு."

"ஒரு வருஷம் உசிரோட இருக்கலாம்னு எழுதியே குடுக்கறாங்களா?" மிங்கா மெல்லுவதை நிறுத்திவிட்டு அந்தக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு இந்த நாட்டுல ஒரு நாளைக்குக்கூட யாரும் அப்படி எழுதிக் குடுத்ததில்லையேடி."

வெல்டா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டலத்துக்குள் கையை விட்டாள்.